நிலவறையில் ஒரு சட்டக் கல்லூரி

“உங்களுக்குத்தான் எல்லாம் தனியா இருக்கே, அப்புறம் என்ன?” இந்தக் கேள்வி காதில் விழாமல் வளர்ந்தவர் நம்மில் யாரும் இருக்க முடியாது. தனிச் சுடுகாடு இருக்கிறது. தனித் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. ஆதிதிராவிடர் நலப் பள்ளி இருக்கிறது, விடுதி இருக்கிறது. ஊரில் உள்ளதெல்லாம் சேரியிலும் இருக்கும்போது ஊருக்குள் உனக்கென்ன வேலை என்கிறார்கள். கேட்பதற்கு நியாயம் மாதிரியே இருக்கும். கூட்டங்களில் இதற்குப் பதில் சொல்ல எழுந்து, கோபம் முட்டி, வார்த்தை வராமல் உட்கார்ந்திருக்கிறேன்.

இதற்கான பதிலை 1950இலேயே ஒரு தபால்காரர் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். இங்கே இல்லை, அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்தில். அவர் பெயர் ஹீமன் ஸ்வெட். கறுப்பர். அந்த மாநிலத்தின் முதன்மையான பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்க ஆசைப்பட்டார். அந்த ஆசைக்கு அவர் கொடுத்த விலையையும், அவருக்கு முன்னால் பாதை வெட்டியவர்களையும் பற்றித்தான் சொல்லப் போகிறேன். இதை எனக்குக் காட்டியவர் எங்க அண்ணன். தாலுகா கோர்ட்டில் வக்கீல். நான் படித்தது தமிழ் எம்.ஏ., தீர்ப்போ இங்கிலீஷ். அவர் ஒவ்வொரு வரியாக வாசித்துச் சொல்ல, நான் அகராதியைப் புரட்டிக்கொண்டு எழுதிக்கொண்டேன். தீர்ப்பு என்னவோ சின்னதுதான். எங்களுக்கு இரண்டு ராத்திரி ஆனது.

முதலில் 1896. லூசியானா மாநிலத்தில் ரயிலில் வெள்ளையருக்குத் தனிப் பெட்டி, கறுப்பருக்குத் தனிப் பெட்டி என்று ஒரு சட்டம். அதை எதிர்த்துப் போன பிளெஸ்ஸி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பெட்டிகள் சமமாக இருந்தால் போதும், பிரித்து வைப்பது தவறில்லை என்றது. ‘தனி, ஆனால் சமம்’ என்ற கோட்பாடு இப்படித்தான் சட்டமானது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, குடிதண்ணீர்க் குழாய், பஸ் இருக்கை என்று தென் மாநிலங்களின் வாழ்க்கை முழுவதும் இந்தக் கோடு விழுந்தது. தனி என்பதைக் கறாராகக் கடைப்பிடித்தார்கள். சமம் என்பது காகிதத்தில் கிடந்தது.

இந்தக் கோட்டை அழிக்கத் திட்டம் போட்டவர் சார்லஸ் ஹாமில்டன் ஹூஸ்டன். (ஸ்வெட்டின் ஊர்ப் பெயரும் ஹூஸ்டன்தான், குழப்பிக்கொள்ள வேண்டாம்.) 1895இல் வாஷிங்டனில் பிறந்தவர். அப்பாவும் வக்கீல். முதல் உலகப் போரில் பிரான்சுக்கு அதிகாரியாகப் போனார். எதிரியிடம் பட்டதைவிடச் சொந்த நாட்டு வெள்ளைச் சிப்பாய்களிடம் பட்டதுதான் அதிகம். ஒரு ராத்திரி அவர்கள் கும்பலாகச் சூழ்ந்து அடித்துக் கொல்லும் நிலைக்கே வந்துவிட்டார்கள். உயிரோடு ஊர் திரும்பினால் சட்டம் படிப்பேன், திருப்பி அடிக்க முடியாதவர்களுக்காக வாதாடுவேன் என்று அங்கேதான் முடிவெடுத்தார். 1919இல் ஹார்வர்ட் சட்டப் பள்ளியில் சேர்ந்தார்.

ஹார்வர்டின் கதவு கறுப்பர்களுக்கு முழுசாக மூடியிருந்தது என்று சொல்ல முடியாது. பாஸ்டனில் முடிவெட்டும் தொழில் செய்துகொண்டிருந்த ஜார்ஜ் லூயிஸ் ரஃபின் 1869இலேயே அங்கே பட்டம் வாங்கிவிட்டார். பின்னாளில் நீதிபதியும் ஆனார். அவர்தான் அங்கே பட்டம் பெற்ற முதல் கறுப்பர். ஆனால் ஐம்பது வருடம் கழித்தும் அங்கே கறுப்பர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். வகுப்பில் இடம் உண்டு. சட்ட மாணவர்கள் தங்களுக்குள் நடத்திக்கொண்ட மன்றங்களில் இடம் கிடையாது. வழக்கு மாதிரி வைத்து வாதாடிப் பழகுவது அந்த மன்றங்களில்தான். ஆகவே ஹூஸ்டனும் மற்ற சிலரும் சேர்ந்து டன்பார் பெயரில் தங்களுக்கென ஒரு மன்றம் வைத்துக்கொண்டார்கள். அவ்வளவுக்கும் நடுவில், மதிப்பெண்ணைக் கொண்டே ஹார்வர்ட் சட்ட இதழின் ஆசிரியர் குழுவுக்குள் நுழைந்தார். அந்தக் குழுவில் உட்கார்ந்த முதல் கறுப்பர் அவர்தான்.

அங்கே சட்டம் சொல்லிக்கொடுக்கும் முறையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1870இல் தலைவராக வந்த லாங்டெல் கொண்டுவந்தது அது. சட்டப் பிரிவை மனப்பாடம் பண்ணச் சொல்வதில்லை. பழைய தீர்ப்புகளைக் கையில் கொடுத்துவிட்டு, இந்த நீதிபதி ஏன் இப்படிச் சொன்னார், நடந்த விஷயத்தை இம்மி மாற்றினால் தீர்ப்பு மாறுமா என்று ஆசிரியர் கேட்டுக்கொண்டே இருப்பார். ஒரு தீர்ப்பு அடுத்த தீர்ப்புக்குப் படிக்கல் ஆகிறது, கல் மேல் கல்லாகத்தான் சட்டம் உயருகிறது என்பது மாணவன் மண்டையில் ஏறிவிடும். ஆளும் வர்க்கத்தின் பிள்ளைகளைத் தயாரிக்க உண்டான முறை அது. ஹூஸ்டன் அதைக் கவிழ்த்துப் பார்த்தார்: கல்லைக் கல் மேல் வைத்துத்தானே சுவர் எழுந்தது, அப்படியானால் ஒவ்வொரு கல்லாக உருவவும் முடியும். அப்போது அங்கே தலைவராக இருந்த ராஸ்கோ பவுண்ட், சட்டம் என்பது ஒரு வகைச் சமூகப் பொறியியல் என்று எழுதிவந்தார். அந்தச் சொல்லையும் ஹூஸ்டன் எடுத்துக்கொண்டார். சமூகப் பொறியாளனாக இல்லாத வக்கீல் ஒட்டுண்ணி என்று பின்னாளில் தன் மாணவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கிரகாரத்துக் கிணற்றிலிருந்து நீரை மொண்டுவந்து நம்ம வயலுக்குப் பாய்ச்சுகிற வேலை இது. நியூயார்க்கில் ஜான் டூயியின் வகுப்பில் உட்கார்ந்து கேட்டதை அண்ணல் என்னவாக மாற்றினார் என்று தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஹூஸ்டன் ஹார்வர்டில் சட்டப் பட்டம் வாங்கிய 1922ஆம் வருடமே அம்பேத்கர் லண்டன் கிரேஸ் இன்னில் பாரிஸ்டர் ஆனார்.

ஹூஸ்டன் அடுத்த வருடம் முனைவர் பட்டமும் முடித்தார். வாஷிங்டனில் கறுப்பர்களுக்கான ஹோவர்ட் பல்கலைக்கழகத்தின் சட்டப் பள்ளியில் ஆசிரியராகி, முப்பதுகளின் முதல் பாதியில் அதன் பொறுப்பு முழுவதையும் கையில் எடுத்தார். அதுவரை அது சாயங்காலக் கல்லூரி. பகலில் வேலைக்குப் போகிறவர்கள் ராத்திரியில் வந்து படித்துக்கொண்டிருந்தார்கள். ஹூஸ்டன் சாயங்கால வகுப்பை மூடினார். முழுநேரப் படிப்பு, நூலகம், கடுமையான தேர்வு. 1931இல் அங்கீகாரம் கிடைத்தது. மாணவர்கள் அவருக்கு ‘இரும்பு பூட்ஸ்’ என்று பட்டப்பெயர் வைத்தார்கள்.

இந்த இடத்தில் எனக்கு மனசு ஒப்பவில்லை. பகலில் குமாஸ்தா வேலை, ராத்திரியில் படிப்பு என்று இருந்தவன் என்ன ஆனான்? வேலையை விட முடியாதவனுக்கு அந்தக் கதவும் மூடிப்போனது. சமூகத்தின் விடுதலைக்காகச் சில பேரைக் கூர்தீட்ட வேண்டும் என்பதற்காக, ஏழையிலும் ஏழையை வெளியே நிறுத்தினார். இதை அண்ணனிடம் சொன்னபோது, “பாதி படிச்ச வக்கீலை வச்சு எந்தக் கோர்ட்டுல ஜெயிப்ப?” என்று கேட்டார். அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் என் கேள்வியை நான் விட்டுவிடவில்லை.

அந்த இரும்பு பூட்ஸ் மிதித்து எடுத்த மாணவர்களில் ஒருவர் தர்குட் மார்ஷல். பால்டிமோர்க்காரர். வீட்டுக்குப் பக்கத்திலேயே மேரிலாண்ட் பல்கலைக்கழகச் சட்டப் பள்ளி இருந்தது. கறுப்பரைச் சேர்க்க மாட்டார்கள். ஆகவே தினமும் ரயிலேறி வாஷிங்டன் போய்ப் படித்தார். பீஸ் கட்டுவதற்காக அவர் அம்மா கல்யாண மோதிரத்தை அடகு வைத்ததாகச் சொல்வார்கள். தாலியிலிருந்து கம்மல் வரை அடகுக் கடையில் கிடக்கப் பிள்ளைகளைப் படிக்க வைத்த நம்ம அம்மாக்களுக்கு இது புதுக் கதை இல்லை. 1933இல் வகுப்பில் முதலாவதாக வந்தார்.

இப்போது திட்டம். பிரிவினையை எங்கே முதலில் அடிப்பது? குழந்தைகள் படிக்கும் பள்ளிக்கூடத்தில் கை வைத்தால் வெள்ளை ஊர் மொத்தமும் கம்பெடுத்துக்கொண்டு வரும். ஹூஸ்டன் தேர்ந்தெடுத்தது சட்டக் கல்லூரியை. காரணங்கள் கணக்குப் போட்டவை. தென் மாநிலங்கள் பெரும்பாலானவற்றில் கறுப்பர்களுக்குச் சட்டக் கல்லூரியே கிடையாது. எனவே ‘சமமாக வைத்திருக்கிறோம்’ என்று பொய் சொல்லக்கூட வழியில்லை. புதுசாகக் கட்டலாம் என்றால் ஓரிரு மாணவர்களுக்காகப் பெருஞ்செலவு. இதையெல்லாம்விட முக்கியமான ஒன்று: தீர்ப்புச் சொல்லும் நீதிபதி ஒவ்வொருவரும் தானே ஒரு சட்டக் கல்லூரியில் படித்து வந்தவர். ஒரு சட்டக் கல்லூரி உண்மையில் எதனால் ஆனது என்று அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

முதல் கல் மேரிலாண்டில் பெயர்ந்தது. டொனால்ட் மர்ரே என்ற இளைஞருக்காக ஹூஸ்டனும் மார்ஷலும் வாதாடினார்கள். தன்னைச் சேர்த்துக்கொள்ளாத கல்லூரியின் கதவை, ஊருக்கு வக்கீலாகத் திரும்பி வந்து மார்ஷல் தட்டினார். 1935 ஜூனில் நீதிபதி மர்ரேயைச் சேர்க்க உத்தரவிட்டார். மேல் நீதிமன்றம் 1936இல் அதை உறுதி செய்தது. மர்ரே 1938இல் பட்டம் வாங்கினார். அதே 1935 ஜூனில்தான் அம்பேத்கர் பம்பாய் அரசு சட்டக் கல்லூரிக்கு முதல்வர் ஆனார். பம்பாயிலேயே வேறொரு கல்லூரியில், ஆசிரியர்களுக்கான பானையில் இவர் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று சக பேராசிரியர்கள் சொன்ன காலம் போய் இருபது வருடம்கூட ஆகவில்லை.

அடுத்தது மிசௌரி, லாயிட் கெய்ன்ஸ். பக்கத்து மாநிலத்தில் போய்ப் படி, பீஸ் நாங்கள் கட்டுகிறோம் என்றது அந்த மாநிலம். அதாவது காசு கொடுத்து ஊரை விட்டு அனுப்புவது! உச்ச நீதிமன்றத்தில் ஹூஸ்டன் வாதாட எழுந்தபோது மெக்ரெய்னால்ட்ஸ் என்ற நீதிபதி நாற்காலியைத் திருப்பிப் போட்டு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்ததாகச் சொல்கிறார்கள். முதுகுக்கும் சேர்த்தே வாதாடி 1938 டிசம்பரில் ஜெயித்தார்: உன் மாநிலத்துக் குடிமகனுக்கு உன் மாநிலத்துக்குள்ளேயே இடம் கொடு. மிசௌரி என்ன செய்தது தெரியுமா? அழகுக்கலைப் பயிற்சி நடந்த ஒரு பழைய கட்டிடத்தில் அவசர அவசரமாகக் கறுப்பர்களுக்கு ஒரு சட்டக் கல்லூரி திறந்தது. அதையும் எதிர்த்து வழக்கு நடத்துவதற்குள் கெய்ன்ஸ் காணாமல் போனார். 1939 மார்ச் 19, சிகாகோவில், தபால்தலை வாங்கி வருகிறேன் என்று தங்கியிருந்த இடத்திலிருந்து கிளம்பியவர் திரும்பவே இல்லை. உடலும் கிடைக்கவில்லை. 28 வயது. 2006இல் அதே மிசௌரிப் பல்கலைக்கழகம் அவருக்குச் சட்டத்தில் கௌரவப் பட்டம் கொடுத்தது.

இனி ஸ்வெட். 1946 பிப்ரவரியில் தன் படிப்புச் சான்றிதழோடு ஆஸ்டினில் இருந்த டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அன்று அங்கே தலைவர் பெயின்டர் என்ற விலங்கியல் அறிஞர். மனித உயிரணுவில் 48 குரோமோசோம் என்று எண்ணிச் சொன்னவர் அவர்தான். 46 என்று உலகம் திருத்திக்கொள்ள 1956 வரை ஆனது. அந்தக் கணக்குப் பிழையைவிட இந்த வழக்கில்தான் அவர் பெயர் அதிகம் நிலைத்துவிட்டது: ஸ்வெட் எதிர் பெயின்டர். எல்லாத் தகுதியும் இருக்கிறது, கறுப்பர் என்பதால்தான் சேர்க்க முடியவில்லை என்று எழுதியே கொடுத்தார்கள். ஒளிவுமறைவு இல்லாத காலம். (இந்த 1946ஆம் வருடம்தான் அம்பேத்கர் அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டு பாய்ஸுக்கு எழுதி, ஐ.நா. சபைக்குக் கறுப்பர்கள் கொடுத்த மனுவின் படிகளைக் கேட்டார். நம் இரண்டு வரலாறும் ஒன்றையொன்று எட்டிப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கின்றன.)

வழக்குப் போட்டதும் மாநில அரசு ஆறு மாத அவகாசம் வாங்கியது. 1947 மார்ச்சில் ஆஸ்டினில் ஒரு கட்டிடத்தின் நிலவறையில் சில அறைகளை வாடகைக்குப் பிடித்து, இதோ கறுப்பர்களுக்கான சட்டக் கல்லூரி என்றது. தனி ஆசிரியர் இல்லை. வெள்ளையர் கல்லூரி ஆசிரியர்களே வந்து போவார்கள். பத்தாயிரம் புத்தகத்துக்கு உத்தரவு போட்டிருந்தார்கள். வந்து சேர்ந்தது கொஞ்சம். நூலகர் இல்லை. அங்கீகாரம் இல்லை. ஸ்வெட் அந்தப் படியில் இறங்க மறுத்தார். அவர் மட்டும் போயிருந்தால், தனியாகக் கொடுத்தோம், வாங்கிக்கொண்டான் என்று கதை முடிந்திருக்கும்.

வழக்கு நாலு வருடம் இழுத்தது. அதற்குள் மாநில அரசு ஹூஸ்டன் நகரத்தில் கறுப்பர்களுக்கு உண்மையாகவே ஒரு கல்லூரியைக் கட்டி எழுப்பிவிட்டது. இப்போது 5 முழுநேர ஆசிரியர், 23 மாணவர், 16,500 புத்தகம். எதிர்ப் பக்கம் 16 முழுநேர ஆசிரியர், 850 மாணவர், 65,000 புத்தகம். இந்தக் கணக்கோடு நிறுத்தியிருந்தால் இன்னும் 11 ஆசிரியரைப் போடு, புத்தகம் வாங்கு என்று தீர்ப்பு வந்திருக்கும். மார்ஷல் அதற்கு மேலே போனார். நூற்றுக்கும் மேற்பட்ட சட்டப் பேராசிரியர்களும் கறுப்பர் பக்கம் நின்று மனு போட்டார்கள்.

1950 ஜூன் 5 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னார்கள். எழுதியவர் தலைமை நீதிபதி வின்சன். ஆசிரியர் எண்ணிக்கையையும் புத்தகத்தையும் ஒப்பிட்டுவிட்டு அவர் சொன்னதன் சாரம் இது: அளவுகோலால் அளக்க முடியாத பொருள்கள் சில இருக்கின்றன, ஒரு சட்டப் பள்ளியின் பெருமை அவற்றில்தான் இருக்கிறது. ஆசிரியர்களுக்கு வெளியே உள்ள பெயர், அங்கே படித்துப் போனவர்கள் இன்று வகிக்கும் இடம், அந்தப் பள்ளியின் மரபு, அதன் செல்வாக்கு. சட்டத்தை யாருமில்லாத வெளியில் படிக்க முடியாது. கறுப்பர்களுக்கென்று வைத்த கல்லூரியிலோ, மாநில மக்களில் 85 சதவீதம் பேர் சேர முடியாது. நாளைக்கு நீ வாதாடப் போகும் நீதிபதிகள், எதிர்க்கட்சி வக்கீல்கள், சாட்சிகள், ஜூரிகள் எல்லாம் பெரும்பாலும் அந்த 85 சதவீதத்துக்குள்தான். அவர்களோடு பேசாமல், சண்டை போடாமல், அவர்களில் ஒருவன் தப்பாகப் பதில் சொல்வதை நேரில் பார்க்காமல் நீ எப்படி வக்கீல் ஆவாய்? இரண்டு பள்ளியில் எதில் வேண்டுமானாலும் சேரலாம் என்ற நிலையில் இருக்கும் ஒருவன் இவை இரண்டும் சமம் என்று நினைப்பானா? ஸ்வெட்டைச் சேர்த்துக்கொள்.

இந்த இடம் வந்ததும் அண்ணன் காகிதத்தைக் கீழே வைத்துவிட்டார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பட்டம் வாங்கிப் பதிவு செய்துகொண்ட வருடத்தில் அவர் சீனியர் தேடி அலைந்தது எனக்குத் தெரியும். ஒரு வக்கீல் ஆபீசில் ஊர் பெயரைக் கேட்டார்கள். சொன்னார். “ஊர்லயா, காலனியா?” என்றார்கள். சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். ஆறு ஆபீஸ். ஒருவரும் சொல்லி அனுப்பவில்லை. கல்லூரியில் அதே பெஞ்சில் உட்கார்ந்து அதே தேர்வை எழுதியவன் மாமா ஆபீசுக்குப் போனான், சித்தப்பா ஆபீசுக்குப் போனான். அண்ணன் மனு எழுதுவதைத் தட்டச்சுக் கடையில் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். “பெஞ்ச் கெடச்சா பத்தாதுடா. பெஞ்சுல பக்கத்துல இருக்கிறவன் யாருன்னு இருக்கு பாரு, அதைத்தான் இந்த ஆளு எழுதியிருக்கான்” என்றார்.

அன்றைக்கே இன்னொரு தீர்ப்பும் வந்தது. ஓக்லஹோமாவில் மெக்லாரின் என்ற வயதான ஆசிரியர் முனைவர் பட்டம் படிக்கப் போனார். சேர்த்துக்கொண்டு, வகுப்பறையை ஒட்டிய சின்ன அறையில் உட்கார வைத்தார்கள். நூலகத்தில் தனி மேசை, சாப்பாட்டுக் கூடத்தில் தனி மேசை. அதுவும் செல்லாது என்றது கோர்ட். அதே பல்கலைக்கழகத்துச் சட்டப் பள்ளியில் 1949இல் சேர்ந்த எய்டா லோயிஸ் சிப்புவேல் என்ற பெண்ணைக் கடைசி வரிசைக்குப் பின்னால், ‘கறுப்பர்’ என்று பலகை எழுதிய நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். அவர் 1951இல் பட்டம் வாங்கினார். 1992இல் அந்தப் பல்கலைக்கழகத்தின் ஆட்சிக் குழுவுக்கே உறுப்பினர் ஆனார். இந்த வெற்றிகளை ஹூஸ்டன் பார்க்கவில்லை. தீர்ப்புக்கு ஆறு வாரம் முன்பு, ஏப்ரல் 22 அன்று மாரடைப்பில் போய்விட்டார். வயது 54. நாலு வருடம் கழித்து 1954இல் பிரௌன் வழக்கில் பள்ளிக்கூடப் பிரிவினையையும் மார்ஷல் உடைத்தார். அதற்குக் கால் வைத்த கல் ஸ்வெட் வழக்குதான்.

அப்புறம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அந்த டெக்சாஸ் சட்டப் பள்ளியின் சேர்க்கையில் கறுப்பருக்கும் மெக்சிக்கருக்கும் சலுகை காட்டுகிறார்கள் என்று வெள்ளை மாணவர்கள் போட்ட ஹாப்வுட் வழக்கில் 1996இல் தீர்ப்பு அவர்கள் பக்கம் வந்தது. அதற்கு முன் 31 கறுப்பர்கள் முதல் வருடத்தில் சேர்ந்திருந்த இடத்தில் 1997இல் சேர்ந்தவர்கள் 4 பேர். 2003இல் மிச்சிகன் சட்டப் பள்ளி வழக்கில் காற்று திரும்பியது. 2023இல் ஹார்வர்ட் வழக்கில் மறுபடி மாறி, சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கவே கூடாது என்றாகிவிட்டது. 2024இல் ஹூஸ்டன் படித்த அந்த ஹார்வர்ட் சட்டப் பள்ளியில் முதல் வருடம் சேர்ந்த கறுப்பர்கள் 19 பேர். அறுபதுகளுக்குப் பிறகு இவ்வளவு குறைந்தது அப்போதுதான். தகுதி, திறமை என்ற பேச்சு எல்லா ஊரிலும் ஒரே குரலில்தான் இருக்கிறது.

எங்கள் பக்கத்துக் காலனியிலிருந்து சட்டக் கல்லூரிக்குப் போகும் ஒரு பெண், நானும் அண்ணனும் எழுதிவைத்த இந்தக் குறிப்பை வாங்கிப் போய்ப் படித்துவிட்டு வந்தாள். “ஸ்வெட் அப்புறம் பெரிய வக்கீல் ஆனாரா அண்ணா?” என்று கேட்டாள்.

ஆகவில்லை. 1950 செப்டம்பரில் சேர்ந்தார். கல்லூரிக்கு அருகில் சிலுவையைக் கொளுத்தினார்கள். அவர் கார் டயரைக் கிழித்தார்கள். நாலு வருட வழக்கில் உடம்பு ஏற்கெனவே போயிருந்தது. வயிற்றுப் புண், அறுவை சிகிச்சை. மனைவியோடும் பிரிவு. தேர்வுகளில் தேறவில்லை. 1952இல் படிப்பை விட்டுவிட்டார். பிறகு அட்லாண்டாவில் சமூகப் பணி படித்து, கறுப்பர் அமைப்புகளில் வேலை பார்த்து 1982இல் இறந்தார். 2005இல் ஆஸ்டின் நீதிமன்றக் கட்டிடத்துக்கு அவர் பெயர் வைத்தார்கள்.

அந்தப் பெண் கொஞ்ச நேரம் யோசித்தாள். “அவருகூடப் பேசுறதுக்கு அங்க யாராச்சும் இருந்தாங்களா?” என்றாள்.

அவரோடு இன்னும் சில கறுப்பர்களும் சேர்ந்திருந்தார்கள், வெள்ளை மாணவர்களிலும் ஆதரவாக நின்றவர்கள் உண்டு என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். அண்ணன் குறுக்கே புகுந்து, முதல் லீவுக்கு வரும்போது என் ஆபீசில் வந்து உட்காரும்மா என்றார். ஆபீஸ் என்பது கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை மாடியில் ஒரு மேசையும் மூணு நாற்காலியும்.